150/95: வயதுக்கு வயது மாறும் கணக்கு
ரத்த அழுத்தத்தைக் கையாள, புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மானிட்டரில் 150/95 வருகிறது. மேல் அளவு 150, கீழ் அளவு 95. ஆளுக்கு வயது 28 என்றால் மருத்துவர் முதலில் கேட்பது, "இந்த வயதில் ஏன்?" 50 என்றால் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுவார். 82 என்றால் எழுந்து நிற்கச் சொல்லி இன்னொரு முறை அளப்பார். எண் ஒன்றுதான். அதை வைத்துச் செய்ய வேண்டிய வேலை வயதுக்கு வயது மாறுகிறது. பி.பி. இருப்பது புதிதாகத் தெரியவந்தவர்களுக்கும், வீட்டில் ஒருவரின் பி.பி.யைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் அந்த வேலையை இங்கே வரிசையாகச் சொல்கிறோம். மருந்தைத் தொடங்குவது, மாற்றுவது, நிறுத்துவது மூன்றும் மருத்துவரோடு பேசித்தான். மற்றதில் பெரும்பகுதி உங்கள் கையில்.

முதலில், அந்த 150/95 நிஜமா?

குழப்பம் பெரும்பாலும் அளக்கும் இடத்திலேயே ஆரம்பிக்கிறது. மேல்கையில் சுற்றும் தானியங்கிக் கருவி வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது, விரலில் மாட்டுவது, வாட்ச் எல்லாம் இதற்கு நம்பகமானவை அல்ல. வாங்கும் முன் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். கருவியோடு வரும் பட்டை பொதுவாக 22 முதல் 32 செ.மீ. வரையான கைக்குத்தான். கை அதைவிடப் பருமனாக இருந்தால் பெரிய பட்டை தனியாக வாங்க வேண்டும். சின்னப் பட்டையைப் பெரிய கையில் சுற்றினால் பி.பி. இல்லாதவருக்கும் பி.பி. காட்டும். பெரிய பட்டை சின்னக் கையில் இருந்தால் நேர்மாறு.

அளக்கும் முறை இதுதான்:

1. அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, சிகரெட், உடற்பயிற்சி எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முட்டிக்கொண்டிருக்கும் சிறுநீர்ப்பையே அளவை ஏற்றிவிடும்.
2. முதுகு சாய்ந்திருக்கும் நாற்காலியில், பாதம் இரண்டும் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல் உட்காருங்கள். ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். போன் வேண்டாம், பேச்சும் வேண்டாம்.
3. பட்டை வெறும் தோலில் பட வேண்டும். இறுக்கமான சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு அதன் கீழே சுற்றாதீர்கள். சட்டையே இன்னொரு பட்டையாகிவிடும்.
4. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே இருக்கட்டும். பட்டைக்கும் கைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.
5. கையை மேசையில் வையுங்கள். பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். கை 10 செ.மீ. தாழ்ந்தால் மேல் அளவு ஏழெட்டுப் புள்ளி கூடும். மடியில் கையை வைத்து அளந்து பயந்துபோகிறவர்கள் ஏராளம்.
6. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் எழுதுங்கள்.

முதல் தடவை இரண்டு கைகளிலும் பாருங்கள். எந்தக் கையில் கூடுதலோ, இனி அதுவே உங்கள் கை. வித்தியாசம் 10 புள்ளிக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒருநாள் அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஏழு நாள், காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை. முதல் நாளை விட்டுவிடுங்கள். அன்று எல்லோருக்கும் கொஞ்சம் படபடப்பு இருக்கும். மீதி ஆறு நாளின் 24 அளவுகளுக்குச் சராசரி எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அது மருத்துவமனையில் 140/90 வருவதற்குச் சமம். அமெரிக்க வழிகாட்டுதல் 2017 முதல் 130/80-லேயே கோடு போட்டிருக்கிறது. அதனால் ஒரே ஆளை ஒரு மருத்துவர் "பி.பி. இருக்கிறது" என்றும் இன்னொருவர் "கொஞ்சம் கூடுதல், பார்த்துக்கொள்ளுங்கள்" என்றும் சொல்லலாம். இருவரும் தப்பாகச் சொல்லவில்லை, கோடுதான் வேறு.

நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்க வேண்டும்:

செவ்வாய் காலை 6.40: 148/92, நாடி 78. 6.42: 141/88, நாடி 74. இரவு 9.10: 132/82, நாடி 70. 9.12: 130/80, நாடி 70. குறிப்பு: முந்தைய இரவு தூக்கம் நாலு மணி நேரம்.

இந்த ஒரு வரியிலேயே மருத்துவருக்கு விஷயம் கிடைக்கிறது. முதல் அளவு இரண்டாவதைவிட 7 கூடுதல் என்றால் உட்கார்ந்து அமைதியானது போதவில்லை. காலையில் கூடி இரவில் சரியாக இருப்பது தினமும் தொடர்ந்தால், மாத்திரையின் வேலை 24 மணி நேரம் தாங்கவில்லையோ என்று யோசிப்பார். பிடிக்காத எண்ணை எழுதாமல் விட்டு நல்ல எண்ணை மட்டும் கொண்டுபோனால் நோட்டு வீண்.

மருத்துவமனையில் மட்டும் கூடுகிறவர்கள் உண்டு. அங்கே சரியாக இருந்து வீட்டில் கூடுகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகைதான் ஆபத்து, யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அளவு கட்டுக்குள் வந்த பிறகு தினமும் பத்து முறை அளக்காதீர்கள். அந்தப் பதற்றமே அளவை ஏற்றும்.

எப்போது ஓட வேண்டும்

மேல் அளவு 180, அல்லது கீழ் அளவு 120 தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் செயலிழப்பு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், குழப்பம், தாங்க முடியாத தலைவலி இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸ்தான். அறிகுறி எதுவும் இல்லையென்றால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி அளங்கள். அப்போதும் அதே அளவென்றால் அன்றைக்கே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். பயத்தில் இரண்டு மாத்திரை சேர்த்துப் போடாதீர்கள். நிஃபெடிபின் மாத்திரையைக் கடித்து நாக்கின் அடியில் வைக்கும் பழைய பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அழுத்தம் திடீரென்று சரிந்து மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் போகும் என்பதால் அது எப்போதோ கைவிடப்பட்டது.

தலைவலி இல்லை, அதனால் பி.பி. இல்லை என்று நினைக்காதீர்கள். பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இராது.

எல்லா வயதுக்கும் பொதுவானவை

பி.பி. உறுதியானதும் ஒருமுறை செய்ய வேண்டிய சோதனைகள்: சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி., அதோடு சிறுநீரில் அல்புமின் என்ற புரதம். கடைசியானதைத்தான் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். சிறுநீரகத்தின் பாதிப்பை கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது அதுதான்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், தட்டையாக ஒரு டீஸ்பூன் அளவு. தினமும் யாரும் அளந்து போட மாட்டார்கள். அதனால் மாதக் கணக்காகப் பாருங்கள்: வீட்டில் பெரியவர்கள் நாலு பேர் என்றால் 4 × 5 × 30 = 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் மாதத்துக்குள் காலியாகிறது என்றால், வெளிச் சாப்பாட்டைச் சேர்க்காமலேயே வரம்பு தாண்டிவிட்டது. பாக்கெட் உணவின் லேபிளில் உப்பு என்று போடாமல் சோடியம் என்று போட்டிருப்பார்கள். அதை 2.5-ஆல் பெருக்குங்கள். 400 மி.கி. சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. உப்பை ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் கலவரம்தான் வரும். வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். சோடியத்தின் ஒரு பங்கைப் பொட்டாசியமாக மாற்றிய உப்பு கிடைக்கிறது. அது அழுத்தத்தைக் குறைக்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பின்னால் வரும் 'பிரில்', 'சார்டன்' வகை மாத்திரைகளோ ஸ்பைரோனோலாக்டோனோ சாப்பிடுகிறவர்களும் கேட்காமல் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும்.

எடை கூடியவர்களுக்கு ஒரு கிலோ குறைந்தால் மேல் அளவு ஏறக்குறைய 1 புள்ளி குறையும். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை: பேச முடியும், பாட முடியாது என்ற வேகம். மது குறையக் குறைய அழுத்தமும் குறையும். சிகரெட்டை விடுவது பி.பி. எண்ணைப் பெரிதாக மாற்றாவிட்டாலும் மாரடைப்பு ஆபத்தைக் குறைக்கும்.

20 முதல் 40 வரை: காரணத்தைத் தேடுங்கள்

இந்த வயதில் கீழ் அளவு மட்டும் கூடியிருப்பது அடிக்கடி காணப்படும். 128/94 போல. மேல் அளவு சரியாக இருக்கிறது என்று தள்ளிவிடக் கூடாது.

நாற்பதுக்குள் 140/90 உறுதியானால், அதற்குப் பின்னால் வேறொரு நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். சிறுநீர் நுரைத்துப் போவது சிறுநீரகத்தைச் சுட்டும். பொட்டாசியம் குறைந்திருந்தால் சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியின் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் கூடுதலா என்று சோதிப்பார்கள். திடீர் திடீரென்று தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்து போனால் அதே சுரப்பியில் கட்டி இருக்கலாம். இளம்பெண்களுக்கு சிறுநீரகத்துக்குப் போகும் தமனி சுருங்கியிருக்கக்கூடும். கையைவிடக் காலில் அழுத்தம் குறைவாக இருந்தால் பிறவியிலேயே மகாதமனி குறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலத்த குறட்டையும் பகலில் தூக்கமும் இருந்தால் இரவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கூடப் படுப்பவரைக் கேளுங்கள்.

அதற்கும் முன்னால் மருந்துப் பையைக் கவிழ்த்துப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, ஸ்டீராய்டு, ஜிம்மில் கொடுக்கும் ஹார்மோன் ஊசி, மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், தினமும் போடும் ஐபுப்ரோஃபென் எல்லாமே அழுத்தத்தை ஏற்றும். காரணத்தை நிறுத்தியதும் பி.பி.யும் போய்விடுவது நடக்கிற கதைதான்.

கர்ப்ப காலம்: தனி விதிகள்

குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். 'பிரில்' வகையும் 'சார்டன்' வகையும் கருவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், கர்ப்பத்தில் கூடவே கூடாது. லபெடலால், மெல்லக் கரையும் நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகியவைதான் வழக்கமான மாற்று. தெரியாமல் கர்ப்பமாகிவிட்டால் மருந்தை நீங்களாக விட்டுவிட்டு அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போன் செய்து மாற்று மருந்து கேளுங்கள்.

20 வாரத்துக்கு முன்பே கூடியிருந்தால் அது ஏற்கெனவே இருந்த பி.பி. அதற்குப் பிறகு வந்தால் கர்ப்பத்தால் வந்தது. கூடவே சிறுநீரில் புரதம் போனாலோ, கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள் பாதித்தாலோ அது முன்சூல்வலிப்பு நிலை (ப்ரீ-எக்லாம்ப்சியா). முன்பு இப்படி வந்தவர்களுக்கும் ஏற்கெனவே பி.பி. உள்ளவர்களுக்கும் 12-ஆவது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவது உண்டு. அதை முடிவு செய்வது மருத்துவர்.

இங்கே அவசர எண் 180 அல்ல. 160/110 வந்தாலே மருத்துவமனை. அளவு அதற்குக் கீழே இருந்தாலும் விடாத தலைவலி, கண்ணில் மின்னல் பூச்சி, வலது விலாவின் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

பிரசவத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நிம்மதியாகும் வேளையில்தான், மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. தாய் வீட்டுக்கு வந்து குழந்தையைச் சுற்றியே எல்லோரும் நிற்கும் நாட்கள் அவை. கருவியைப் படுக்கை அருகிலேயே வையுங்கள். கர்ப்பத்தில் வந்த பி.பி. பிறகு மறைந்தாலும் வருடம் ஒருமுறை அளப்பதை நிறுத்தக் கூடாது, பின்னாளில் திரும்ப வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்.

40 முதல் 65 வரை: மாத்திரையோடு வாழப் பழகுவது

பெரும்பாலோர் முதல் மாத்திரையைப் பிரிப்பது இந்த வயதில். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு அழுத்தம் ஏறத் தொடங்கும். இலக்கு, தாங்கக்கூடியவர்களுக்குப் பொதுவாக 130/80-க்குக் கீழே.

ஆரம்பத்திலேயே இரண்டு மருந்து எழுதினால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமல்ல. ஒரு மருந்தின் பாதி அளவிலேயே அதன் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அளவை இரட்டிப்பாக்கினால் பலன் கொஞ்சம்தான் கூடும், பக்கவிளைவு அதிகம் கூடும். அதனால் இரண்டு மருந்தைக் குறைந்த அளவில் சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

அம்லோடிபின்: சாயங்காலம் கணுக்கால் வீங்கலாம். ரத்தக்குழாய் விரிவதால் வரும் வீக்கம் இது. நீர் பிரிய வைக்கும் மாத்திரை இதற்கு உதவாது. அளவைக் குறைத்தாலோ கூட ஒரு சார்டனைச் சேர்த்தாலோ குறையும். இதன் முழுப் பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மூன்றாம் நாளே "கேட்கவில்லை" என்று அளவைக் கூட்டச் சொல்லாதீர்கள்.

'பிரில்' என்று முடியும் எனலாபிரில், ராமிபிரில்: வறட்டு இருமல் வந்தால் இருமல் மருந்து தேடாமல் மாத்திரையை மாற்றக் கேளுங்கள். உதடும் நாக்கும் வீங்கினால் உடனே மருத்துவமனை. 'சார்டன்' என்று முடியும் டெல்மிசார்டன், லோசார்டனில் இருமல் அரிது. இந்த இரண்டு வகையையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. எதைத் தொடங்கினாலும் ஒன்றிரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும்.

குளோர்தலிடோன், இண்டபமைடு போன்ற நீர் மாத்திரைகள்: காலையில் போடுங்கள், இல்லையென்றால் இரவெல்லாம் கழிவறைக்கு நடை. சோடியமும் பொட்டாசியமும் குறையலாம், யூரிக் அமிலம் ஏறி கால் பெருவிரல் மூட்டு வலிக்கலாம்.

மெட்டோபுரோலால் போன்ற பீட்டா தடுப்பான்கள் வெறும் பி.பி.க்கு முதல் தேர்வு அல்ல, இதயக் காரணம் இருந்தால் தருவார்கள். இவற்றைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியே வரலாம்.

மாத்திரை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரட்டை வேண்டாம். காலையா இரவா என்பது பெரிய விஷயமல்ல. நீர் மாத்திரையைத் தவிர மற்றவற்றுக்கு உங்களுக்கு மறக்காத நேரமே நல்ல நேரம்.

இந்த வயதில் நடக்கும் பெரிய தவறு, "நார்மலுக்கு வந்துவிட்டது" என்று நிறுத்துவது. மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மல். அடுத்த தவறு மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக். பிரில் அல்லது சார்டன், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே உடலில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழி எல்லாப் பக்கமும் அடைபடுகிறது. கடும் வாந்தி பேதியில் உடம்பு வற்றும்போது இது இன்னும் மோசம். அந்த நாட்களில் எந்த மாத்திரையை நிறுத்திவைப்பது என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

65-க்கு மேல்: நின்றும் அளங்கள்

வயதாக ஆகத் தமனிகள் விறைக்கின்றன. மேல் அளவு ஏறும், கீழ் அளவு இறங்கும். 165/68 என்பது இந்த வயதுக்கே உரிய பி.பி. "கீழே நன்றாகத்தானே இருக்கிறது" என்று விட்டால் பக்கவாதத்துக்கு வழி.

எண்பதுக்கு மேல் எதற்கு மருந்து என்ற பழைய எண்ணத்தை, 2008-இல் வெளியான ஹைவெட் ஆய்வு மாற்றியது. 80 தாண்டியவர்களுக்கு 150/80 இலக்கோடு இண்டபமைடு கொடுத்ததில் இறப்பும் இதயச் செயலிழப்பும் குறைந்தன. 2015-இன் ஸ்பிரின்ட் ஆய்வு மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுபோனதில் 75 தாண்டியவர்களுக்கும் பலன் கண்டது. ஆனால் அங்கே சர்க்கரை நோயாளிகள் இல்லை. பரபரப்பான கிளினிக்கில் அவசரமாக எடுக்கும் அளவைப் போலன்றி, அமைதியாக உட்கார வைத்துக் கருவியால் எடுத்த அளவுகள் அவை. மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் 120-க்குக் கீழே கொண்டுபோன குழுவில் கூடுதலாக இருந்தன. எனவே தெம்பாக நடமாடும் 78 வயதுக்காரரின் இலக்கும், படுக்கையிலிருந்து எழ உதவி தேவைப்படும் 78 வயதுக்காரரின் இலக்கும் ஒன்றாக இருக்க முடியாது.

மாத்திரை தொடங்கும்போதும் மாற்றும்போதும் இதைச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் உட்கார வைத்து அளங்கள். பிறகு நிற்க வையுங்கள். பின்னால் நாற்காலி, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாம் நிமிடத்தில் ஒருமுறை அளங்கள். உட்கார்ந்து 146/72, நின்று 118/64 என்றால் மேல் அளவு 28 சரிந்திருக்கிறது. மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 சரிந்தாலே மருத்துவருக்குத் தெரிய வேண்டும். இரவில் கழிவறைக்கு எழுந்து விழுந்து இடுப்பு முறிவது இந்தச் சரிவாலும் நடக்கும். எழும்போது முதலில் உட்கார்ந்து, கணுக்காலைப் பத்துத் தடவை மேலும் கீழும் ஆட்டி, பிறகு நிற்கப் பழக்குங்கள். புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், தூக்க மாத்திரை, மனச்சோர்வு மருந்து ஆகியவையும் இதைக் கூட்டும். பி.பி. மாத்திரை தரும் மருத்துவருக்கு அவற்றின் பெயர் தெரியாமலே இருக்கலாம். எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். சிலருக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் அழுத்தம் சரியும். அவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பாடு கொடுத்து, சாப்பிட்ட கையோடு எழுந்து நடக்க விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீர் மாத்திரை தொடங்கிய சில வாரத்தில் பெரியவர் தடுமாறினாலோ, பெயர்களைக் குழப்பினாலோ "வயசாகிவிட்டது" என்று விடாதீர்கள். சோடியம் பாருங்கள், குறைந்திருக்கலாம்.

உடல் மெலிய மெலிய, சாப்பாடு குறையக் குறைய, 60 வயதில் பொருந்திய மாத்திரை 85-இல் அதிகமாகிப் போகும். மேல் அளவு தொடர்ந்து 110-ஐ ஒட்டி வந்தாலோ, நிற்கும்போது தலை சுற்றினாலோ மருந்தைக் குறைக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். குறைத்தால் ஒரு நேரத்தில் ஒரு மருந்து மட்டும். குறைத்த நாளிலிருந்து நாலு வாரம், உட்கார்ந்தும் நின்றும் எடுத்த அளவுகளை அதே நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.